டேப்லட்டில் ஸ்வரம் வாசிக்க அறுகோணமா, சதுரமா?

என் டேப்லட் பத்து இன்ச். அதில் பியானோ கீக்களை நிஜ அளவில் போட்டால் ஒன்றரை ஸ்தாயி கூடத் தேறாது. அதனால்தான் தரைக்கு ஓடு பதித்த மாதிரி திரை முழுக்க ஸ்வரங்களை நிரப்பும் ஆப்களுக்கு வந்தேன். ஒரே சீர்வடிவத்தை வைத்து இடைவெளி விடாமல் நிரப்ப முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றால்தான் முடியும். முக்கோணத்தின் கூர்முனையில் விரல் நிற்காது, விடுங்கள்.

மற்ற இரண்டிலும் ஒரு சௌகரியம் உண்டு. என் சுருதி ஒரு கட்டை, அக்கா மகளுக்கு ஐந்தரைக் கட்டை. ஸட்ஜத்தை வேறு கட்டத்துக்கு மாற்றினால் போதும், விரல் போகும் வழி மாறாது. கீபோர்டில் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறித் தொல்லை கொடுக்கும்.

முதலில் மயங்கியது அறுகோணத்தில்தான். காஸ்பர் விக்கி 1896-இல் காப்புரிமை வாங்கிய அடுக்கு. கான்சர்ட்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியத்தில் இன்றும் உண்டு. சங்கராபரண ராகத்துக்கு ஸ ரி க ஒரு வரிசை, ம ப த நி அதற்கு மேல் வரிசை, மேல் ஸ நேர் உச்சியில். அவ்வளவு அழகு!

மறுநாள் மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை. இரண்டாவது ஸ்வரத்திலேயே மாட்டினேன். இந்த ராகத்தின் ரி, அதாவது சுத்த ரிஷபம், மேல் வரிசையில், மத்திமத்துக்கு இடப்பக்கம் இரண்டு கட்டம் தள்ளிக் கிடக்கிறது. தாவி எடுக்கலாம், இழுக்க முடியாது. ஸ-விலிருந்து நேராக இழுத்தால் வழியில் ராகத்தில் இல்லாத கீழ் ஸ்தாயி கைசிகி நிஷாதமும் சாதாரண காந்தாரமும் தலைகாட்டிவிட்டுப் போகும். ஸ்வரத்தை இழுத்து அசைக்கும் கமகம் வேண்டும் என்பவருக்கு இங்கேயே கதை முடிந்தது.

சதுரத்தில் வலப்பக்கம் நகர நகர அரை ஸ்வரம் கூடும்; ஒரு வரிசை ஏறினால் சுத்த மத்திமம். பேஸ் கிட்டாரின் நாலு கம்பி மாதிரி. ரோஜர் லின் 2014-இல் கொண்டுவந்த லின்ஸ்ட்ருமென்ட் என்ற மின்னணு வாத்தியத்திலும் இந்த அடுக்குதான். சுத்த ரிஷபம் ஸ-வை ஒட்டியே இருக்கிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை ஒரே வரிசையில் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே, வீணைத் தந்தியில் ஆட்டுவதுபோல முன்னும் பின்னும் ஆட்டலாம். ஆப்பில் ஸ்லைடு வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் படிப்படியாகக் குதிக்கும்.

குறையும் உண்டு. சதுரத்தின் மூலையில் நாலு கட்டம் கூடுகிறது, அறுகோணத்தில் மூன்றுதான். விரல் மூலையில் விழுந்தால் எது ஒலிக்கும் என்று சொல்ல முடியாது. எனக்கு அபஸ்வரம் சதுரத்தில்தான் அதிகம்.

பல ஸ்வரங்களை ஒன்றாகச் சேர்த்துக் கார்டு (chord) வாசிப்பவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அறுகோணத்திலேயே ஹார்மோனிக் டேபிள் என்று இன்னோர் அடுக்கு இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று கட்டம் சேர்ந்தால் மேஜர் அல்லது மைனர் கார்டு. இரண்டு வாரம்தான் தொட்டுப் பார்த்தேன். மெதுவான பாட்டுக்குச் சுகமாக இருந்தது, வேகத்தில் சோதிக்கவில்லை.

சதுரத்துக்கு வருபவர்கள் பளபளப்பில்லாத மேட் திரைக் காப்புத் தாள் (screen guard) ஒட்டிக்கொள்ளுங்கள். வெறும் கண்ணாடியில் வியர்த்த விரல் பாதி கமகத்திலேயே பிடித்துக்கொள்கிறது.