முக்திநாத் பேக்கேஜில் காத்மாண்டு: அரை நாள், அதிலும் பாதி ருத்ராட்சக் கடை

போன நவம்பரில் அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு முக்திநாத் போய்வந்தேன். 108 திவ்ய தேசத்தில் திருச்சாளக்கிராமம், அதாவது இந்த முக்திநாத், பாக்கி இருக்கிறது என்று பெரியம்மா நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏஜென்சி பெயரை எழுதப்போவதில்லை, ஏனென்றால் கிளம்புவதற்கு முன் நாலைந்து பேரின் அட்டவணையை வாங்கிப் பார்த்தேன், பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்றே தெரியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு அருமை. கூடவே சமையல்காரர் வந்தார், குளிரில் காலை ஆறு மணிக்குச் சூடாகப் பொங்கலும் கொத்சும் கிடைத்தது, மதியம் ரசம் இல்லாத நாளே இல்லை. காற்று, மேகம் என்று போக்ராவிலிருந்து முக்திநாத்துக்குப் பக்கத்து ஊரான ஜோம்சோமுக்குப் போகும் விமானம் ஒரு நாள் தள்ளிப்போனபோதும் யாரும் கத்தாமல் சமாளித்தார்கள். குறை என்றால் ஆவணம். குழுவில் ஒருவர் ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து விமான நிலைய கவுன்டரில் நின்றார். நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம், சரி, ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். இதை முன்பணம் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா? பாவம், மனுஷன் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

இனி காத்மாண்டு. பேக்கேஜில் 'முழு நாள் காத்மாண்டு தரிசனம்' என்று போட்டிருந்தது. நடந்தது என்ன தெரியுமா? புடாநீலகண்டாவில் ஜல நாராயணர், பாம்புப் படுக்கையில் தண்ணீருக்குள் பள்ளிகொண்ட ஒரே கருங்கல், சுமார் ஐந்து மீட்டர் நீளம், ஏழாம் நூற்றாண்டுச் சிலை, இருபது நிமிஷம். பசுபதிநாத்தில் நாற்பது நிமிஷம். அப்புறம் ருத்ராட்சக் கடையில் ஒரு மணி பத்து நிமிஷம்! கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். டீ கொடுத்து உட்கார வைத்து, ஒருமுகம் முதல் ஆரம்பித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் சொல்லி... விடுங்கள். குன்றின் மேல் இருக்கும் சுயம்புநாத் ஸ்தூபியை வண்டியிலிருந்தே, "அதோ மேலே தெரியுது பாருங்க" என்று காட்டினார்கள். மூணு மணிக்கு ஹோட்டல்.

பசுபதிநாத்துக்கு நாற்பது நிமிஷம் எப்படிப் போதும்? மூலவர் நாலு பக்கமும் முகம் உள்ள லிங்கம், நாலு வாசல், ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்க்க வேண்டும். உள்ளே பூஜை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருபவர்கள் என்பதை யாரும் சொல்லவில்லை, நான்தான் பெரியம்மாவிடம் சொன்னேன். தோல் பெல்ட், தோல் பர்ஸ் உள்ளே கூடாது என்பதையும் வாசலில் போய்த்தான் தெரிந்துகொண்டோம்.

நல்லவேளை, கிளம்பும்போதே எங்கள் மூன்று பேருக்கும் திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடச் சொல்லியிருந்தேன். "அங்க அவ்வளவு நாள் பார்க்க என்ன மேடம் இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டுக்கொடுத்தார்கள். பழைய நகரத்திலேயே ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்துக்கொண்டோம்.

காலை ஏழு மணிக்கு அசன் கடைத்தெரு. திபெத் வியாபாரம் நடந்த பழைய பாதை, இன்றைக்கும் மூட்டையும் தராசும் சாமந்தி மாலையுமாக நெரிசல்தான். நடுவில் அன்னபூர்ணா கோயில். உள்ளே விக்ரகம் இல்லை, வெள்ளிக் கலசம்தான் அம்மன். அம்மாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை, "நம்ம வீட்டு வரலட்சுமி மாதிரி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அங்கிருந்து இந்திர சௌக் போகும் வழியில் ஒரு சந்துக்குள் நுழைந்தால் ஜன பஹால். முற்றம் முழுக்க குட்டிக் குட்டி ஸ்தூபிகள், புறாக்கள், கம்பி வலைக்குப் பின்னால் வெள்ளை முகத்தோடு ஒரு தெய்வம். பௌத்தர்களுக்கு அவர் அவலோகிதேஸ்வரர், இந்துக்களுக்கு மச்சிந்திரநாத். ஒரே மணியை இரண்டு பேரும் அடிக்கிறார்கள். இது எங்கள் கோயிலா அவர்கள் கோயிலா என்று பெரியம்மா கேட்க, பக்கத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்த பாட்டி, பாஷை புரியாமலேயே, ஒரு அகலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

பக்கத்திலேயே பங்கேமுடா. பல்வலி சாமி! சுவரோரம் ஒரு மரக்கட்டை, அது தெரியாத அளவுக்கு அதன்மேல் ஆணியும் நாணயமுமாக அறைந்து வைத்திருக்கிறார்கள். பல் வலித்தால் இங்கே வந்து ஒரு காசை வைத்து ஆணி அடிப்பது பழைய வழக்கம். சுற்றிலும் பல் டாக்டர் கடைகள், கண்ணாடிக்குப் பின்னால் பல்செட். சாமியிடம் வேண்டியும் வலி போகாவிட்டால் அங்கே போகலாம் போலிருக்கிறது.

வாழும் தெய்வமாக வணங்கப்படும் சிறுமிதான் குமாரி, அவள் இருக்கும் குமாரி வீடு 1757ல் ஜெயப்பிரகாஷ் மல்ல ராஜா கட்டியது. உள்முற்றத்தில் நின்றால் மர ஜன்னல்களின் செதுக்கலைப் பார்த்தே கழுத்து வலிக்கும். சாக்கிய குலத்து பௌத்தக் குழந்தையை இந்து தேவி தலேஜுவாக வழிபடுகிறார்கள். அரை மணி நின்றபின் மேல் ஜன்னலுக்கு வந்தாள், பத்து எண்ணுவதற்குள் போய்விட்டாள். போட்டோ கூடாது, கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். எதிரே காஷ்டமண்டபம், ஊருக்கே பெயர் கொடுத்த மர மண்டபம். 2015 பூகம்பத்தில் தரைமட்டமானதை மறுபடி மரத்திலேயே எழுப்பி 2022ல் முடித்திருக்கிறார்கள்.

சுயம்புநாத்துக்கு கிழக்கே 365 படி. முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்ஸியைப் பின்பக்கம் விடச் சொல்லுங்கள், கொஞ்சம் படிதான். ஸ்தூபிக்குப் பக்கத்தில் ஹாரதி கோயில், குழந்தைகளைக் காப்பவள், அம்மை நோய்க்கு வேண்டிக்கொள்ளும் தெய்வம். "அட, மாரியாத்தா!" என்று அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குரங்குகள் ஜாக்கிரதை, பெரியம்மாவின் வாழைப்பழம் போயே போச்சு. பௌத்தநாத் ஸ்தூபிக்குச் சாயங்காலம் போனோம், வலமாகச் சுற்றினோம், அழகு, ஆனால் சுற்றியுள்ள மாடிக் கஃபேக்களில் காபி விலை கொஞ்சம் அதிகம்.

சைவக்காரர்கள் மோமோ வாங்கும்போது 'பஃப்' என்றால் எருமை என்று நினைவில் வையுங்கள். காத்மாண்டுப் பழங்குடிகளான நேவார்களின் கடைகளில் 'பாரா' கேளுங்கள், உளுந்தை அரைத்து தோசைக்கல்லில் தடிமனாகத் தட்டிப் போடுகிறார்கள், முட்டையும் கறியும் இல்லாமல் வெறும் பாரா என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அடைக்கும் வடைக்கும் நடுவில் ஒரு ருசி, பெரியம்மா மூன்று சாப்பிட்டார். மண்சட்டியில் வரும் ஜுஜு தௌ தயிரைச் சாப்பிட்டபின் ஊர்த் தயிரில் மனசு ஒட்டவில்லை.

டாக்ஸியில் ஏமாந்தோம். ஐந்நூறு என்று பேசி ஏறினேன், இறங்கும்போது "ஐசி" என்றார். இந்தியப் பணம் ஐசி, நேபாளப் பணம் என்சி, நம் 100 ரூபாய்க்கு அவர்கள் 160. அதாவது ஐந்நூறு எண்ணூறாகிவிட்டது. ஏறும்போதே என்சியா என்று கேட்டுவிடுங்கள்.

பேக்கேஜுக்கு ஐந்துக்கு மூன்று. மூன்றும் சமையல்காரருக்கு. திரும்பி வந்ததும் கருத்துக் கேட்டு போன் செய்தார்கள், இதையெல்லாம் சொன்னேன், "நோட் பண்ணிக்கிறோம் மேடம்" என்றார்கள். நேற்று வாட்ஸ்அப்பில் அடுத்த பேக்கேஜின் நோட்டீஸ் வந்தது. காத்மாண்டு அதே ஒரு நாள்தான், ருத்ராட்சக் கடைக்கு மட்டும் பக்கத்தில் 'சிறப்புத் தள்ளுபடி' என்று சேர்த்திருக்கிறார்கள்.