தம்பியை ‘வாங்க’ என்று கூப்பிட்ட இடம்

ஜூன் மாதம் மூன்று வாரம் லீவு போட்டுக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து தென்காசிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். சாரல் பிடித்துவிட்டதே, குற்றாலத்தில் நன்றாகக் குளித்தாயா என்றுதான் திரும்பி வந்ததும் எல்லாரும் கேட்டார்கள். ஒரே ஒரு நாள் ஐந்தருவிக்குப் போனோம். மற்ற நாளெல்லாம் தம்பி விஷயமாக அலைந்தேன். வீட்டில் மாற்றுத்திறனாளியான ஒரு உடன்பிறப்பை வைத்துக்கொண்டு, வெளிநாட்டிலிருந்து போனிலேயே கவலைப்பட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தம்பிக்கு 35 வயது. டவுன் சிண்ட்ரோம்; பிறவியிலேயே வருகிற மரபணுக் கோளாறு, அறிவு வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். 1990-ல் அவன் பிறந்தபோது, “இந்தப் பிள்ளைகள் இருபது, இருபத்தஞ்சு வயசு வரைக்கும் இருந்தாலே பெரிசு” என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னாராம். அவர் சொன்னதில் தப்பில்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான். இன்றைக்கு அது 60-ஐத் தொட்டுவிட்டது. பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் வந்ததும், இவர்களை விடுதிகளில் தள்ளிவிடாமல் வீட்டில் வைத்து வளர்த்ததும் அதற்குப் பெரிய காரணங்கள். ஆயுள் கூடிவிட்டது, ஏற்பாடுகள்தான் பழைய கணக்கிலேயே நிற்கின்றன. சிறப்புப் பள்ளி 18 வயதோடு முடிந்தது. அன்றிலிருந்து 17 வருடமாக அவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். காலையில் டீக்கடை அண்ணாச்சியிடம் ஒரு டீ, அப்புறம் டிவி, சாயங்காலம் திரும்பத் திண்ணை. உடம்பு போட்டுவிட்டது. தைராய்டும் வந்துவிட்டது. (டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அது சகஜம், வருடத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.) அப்பா போய் நான்கு வருடமாகிறது. அம்மாவுக்கு 67.

சிங்கப்பூரில் ரெட்ஹில் பக்கம் எனேபலிங் வில்லேஜ் என்று ஒரு வளாகம் இருக்கிறது. 2015-ல் திறந்தார்கள். அங்கே இருக்கும் சூப்பர்மார்க்கெட்டில் மாற்றுத்திறனாளிகளும் வேலை பார்க்கிறார்கள். ஒரு நாள் அங்கே பால் பாக்கெட் எடுக்கப் போன இடத்தில், தம்பி சாயலில் ஒருவர் டப்பாக்களைத் தேதி பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் டப்பாக்களைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அதற்கு மறுவாரம்தான் டிக்கெட் போட்டேன்.

ஊரில் ஒன்றுமே இல்லை என்ற நினைப்போடுதான் போனேன். அது சரியில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆய்க்குடியை எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1975-ல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981-ல் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஐ.நா. உடல் ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்திருந்த வருடம் அது. தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு மனிதர் தன் கிராமத்திலேயே உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார். எனக்கு இப்போது நினைத்தாலும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் எங்கு போனாலும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் நிறைய இருக்கிறது: தெரபி, சிறப்புப் பள்ளி, வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பது. அது வேண்டியதுதான், சின்ன வயதில் கொடுக்கிற பயிற்சிக்கு ஈடே கிடையாது. என் கேள்வி வேறு. 35 வயது ஆள் காலை பத்து மணிக்கு எங்கே போவான்?

விசாரித்துப் பார்த்ததில் எங்கள் ஊரிலிருந்து 13 கிலோமீட்டரில் ஒரு சின்ன பகல்நேர மையம் இருப்பது தெரிந்தது. பழைய ஓட்டு வீடு, முன்னால் ஒரு வேப்பமரம். 22 பேர் வருகிறார்கள். எல்லாரும் 18 வயதைத் தாண்டியவர்கள், ஒருவருக்கு 51. காலையில் பிரேயர், உடற்பயிற்சி, அப்புறம் வேலை. மருந்துக்கடைகளுக்குக் காகிதக் கவர் ஒட்டுகிறார்கள்; பினாயில், சாம்பிராணியும் செய்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போச்சி விளையாட்டு. பந்தை உருட்டி இலக்குப் பந்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும், சிறப்பு ஒலிம்பிக்ஸில் இருக்கிற விளையாட்டு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதற்குப் போய்வந்த இருவரின் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

அந்தக் கவர் ஒட்டும் மேஜையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாதிப் பேருக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது, சிலருக்கு எண்ணவே வராது. கவரையோ நூறு நூறாகக் கட்டித்தான் கடைக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு டீச்சர் ஒரு பலகை செய்து வைத்திருக்கிறார். பத்து ஆணி வரிசையாக அடித்த மரப்பலகை. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கவரைக் குத்த வேண்டும். பத்து ஆணியும் நிறைந்ததும் கழற்றி ரப்பர் பேண்ட் போட்டு ஒரு டப்பாவில் வைக்க வேண்டும். டப்பாவில் பத்து அறை. பத்தும் நிறைந்தால் நூறு. எண்ணே தெரியாமல் நூறு எண்ணிவிடுகிறார்கள், ஒன்றுகூடத் தப்புவதில்லை.

தம்பியை முதல் நாள் கூட்டிக்கொண்டு போனபோது வாசல்படியில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றான். “எக்கா, வீட்டுக்குப் போவோம்” என்று என் சேலையைப் பிடித்து இழுத்தான். அந்த டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். வெளியே வந்து அவனைப் பார்த்து, “வாங்க தம்பி, உள்ளே வாங்க. உங்களுக்கு எந்த இடம் பிடிச்சிருக்குன்னு பாத்து உக்காருங்க” என்றார்.

தம்பி என் முகத்தைப் பார்த்தான். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. 35 வருடத்தில் அவனை யாரும் ‘வாங்க’ என்று கூப்பிட்டதில்லை. எங்கள் தெருவில் பத்து வயதுப் பையன்கூட அவனை ‘வாடா’ என்பான், நாங்கள் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை. சொந்தக்காரர்கள் இன்னமும் ‘கொழந்தை’ என்கிறார்கள். நானே போனில், “பாப்பா சாப்பிட்டுச்சா?” என்றுதான் அம்மாவிடம் கேட்பேன். ஊனமுற்றோர் என்பதை மாற்றுத்திறனாளி என்று மாற்றியாயிற்று, சிங்கப்பூரில் உடற்குறையுள்ளோர் என்று எழுதுகிறோம். பெயர்ச்சொல்லுக்கு இவ்வளவு யோசிக்கிறோம், ‘வா’வா ‘வாங்க’வா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த மையத்தில் எல்லாருக்கும் வாங்க, போங்கதான். 51 வயதுக்காரரை டீச்சரே அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார். இரண்டாவது வாரம் தம்பி தானே கண்ணாடி முன்னால் நின்று டிரிம்மரால் முகச்சவரம் செய்துகொள்ளப் பழகியிருந்தான். வலது கன்னத்தில் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. அம்மா ஓடிப்போய்ச் சரிசெய்யப் பார்த்தாள். “நானே” என்று கையைத் தட்டிவிட்டான்.

சரி, இடம் கிடைத்தாயிற்று. அங்கே போய்ச் சேருவது எப்படி? மூன்று வாரத்தில் என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வருபவருக்கும் தமிழ்நாட்டில் டிக்கெட் கிடையாது, 2021-லிருந்து. நல்ல திட்டம். ஆனால் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். அம்மா அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, மத்தியானம் மறுபடி போய்க் கூட்டிவர வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே வேப்பமரத்தடியில் நான்கு மணி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். முட்டுவலியோடு ஒரு வாரம் உட்கார்ந்தாள். “இதுக்கு அவன் வீட்டிலயே இருக்கலாம் தாயி, நான் இருக்க வரைக்கும் பாத்துக்கிடுதேன்” என்றாள். ஆட்டோ வைத்தால் போகவர 500 ரூபாய், மாதம் 22 நாளுக்கு 11,000. அரசாங்கம் தம்பிக்குக் கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000. இதே வட்டாரத்தில் அந்த மையத்துக்கு வரவேண்டியவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திண்ணையிலேயே இருக்கிறார்கள். மையம் திறக்கிறவர்கள், நன்கொடை கொடுக்கிறவர்கள் கட்டடத்துக்குக் கொடுக்கிறார்கள், பெயர்ப்பலகை வைக்கிறார்கள். டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும் கொடுங்கள் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கடைசியில் டீக்கடை அண்ணாச்சிதான் வழி சொன்னார். பக்கத்துத் தெருவில் ஒரு பெண், அடுத்த ஊரில் ஒரு பையன், இரண்டு பேரும் வீட்டோடு இருப்பவர்கள். அவர்கள் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு அவரே வந்து பேசினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் ஒரு ஓம்னி வேன்காரர், பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒன்பது மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறார். மூன்று வீட்டுக்கும் சேர்த்து மாதம் 7,500 என்று பேசி முடித்தோம். ஆளுக்கு 2,500. அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு அது முடியாத தொகை, அவர் பங்கில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன்.

இனி காகித வேலை. இதை விளக்கமாகவே சொல்கிறேன், நாங்கள் இதில்தான் வருடக்கணக்காகக் கோட்டைவிட்டோம். தம்பியிடம் மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்தது, 75 சதவீதம் என்று. குறைந்தது 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் அடையாள அட்டையான யுடிஐடியையும் அப்பா இருக்கும்போதே வாங்கிவிட்டார். இல்லாதது கார்டியன் சான்றிதழ், அதாவது அவனுக்காகக் கையெழுத்துப் போடச் சட்டப்படி ஒருவருக்கு உரிமை தருகிற சான்றிதழ். பெற்ற தாய்க்கு எதற்குச் சான்றிதழ் என்று தோன்றும். 18 வயது முடிந்த அன்றே சட்டப்படி அவன் மேஜர். அதற்குப் பிறகு அம்மா அவனுக்காகப் போடும் கையெழுத்து செல்லாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. மாவட்ட கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது, அதுவே கார்டியனை நியமிக்கும்.

எங்களுக்கு இது தெரியவந்ததே ஒரு வங்கிக் கிளையில் பட்ட அவமானத்தால். அப்பா தம்பி பெயரில் போட்டிருந்த டெபாசிட் முதிர்ந்திருந்தது. கவுண்டரில் இருந்தவர் தம்பியை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், “இவருக்குக் கையெழுத்துத் தெரியாது, கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க” என்றார். தம்பி பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டான். தன் பெயரை எழுத அவனுக்குத் தெரியும். அதை அவர் பார்க்கவில்லை. அம்மா தெருவில் வந்து நின்று அழுதாள். உள்ளூர்க் குழு கொடுக்கும் கார்டியன் சான்றிதழை வங்கிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எப்போதோ சொல்லிவிட்டது. இது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

2019-ல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டதால் இந்த வேலைக்கெல்லாம் இப்போது திருநெல்வேலிக்கு ஓட வேண்டியதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு, தம்பியின் சான்றிதழ்கள், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்கள் எல்லாம் சேர்த்து மனு கொடுத்தோம். மகள் என்ற முறையில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று நானும் எழுதிக் கொடுத்தேன். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளே, ஊருக்குப் போகும்போதே இந்தக் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள், அப்புறம் தபாலில் அனுப்பி அலைய வேண்டாம். அப்படியே நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, இந்த நான்கு குறைபாடுகளுக்கும் உண்டு. ஏற்கெனவே நோய் இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். வருடாவருடம் புதுப்பிக்க மறந்துவிடக் கூடாது.

அம்மாவுக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. பெரியவர்கள் தங்குகிற விடுதிகள் இரண்டைப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் இடமில்லை, இன்னொன்றில் சுத்தமில்லை. தம்பியைச் சிங்கப்பூருக்குக் கூட்டி வருவது நடக்காத காரியம். நான் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம். அதைப் பற்றி என் கணவரிடம் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறேன்.

கிளம்புகிற அன்று திங்கட்கிழமை. ஒன்பது மணிக்கு ஓம்னி வர வேண்டும், தம்பி எட்டு மணிக்கே குளித்து, சட்டையை இன் பண்ணி, தூக்குவாளியோடு திண்ணைக்கு வந்துவிட்டான். என் பெட்டி எல்லாம் வாசலில் இருந்தது. அதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “நான் ஊருக்குக் கிளம்புறேன், போயிட்டு வரட்டுமா?” என்றேன். தெருமுனையிலிருந்து கண்ணை எடுக்காமல், “போயிட்டு வாங்க எக்கா, எனக்கு வேலை இருக்கு” என்றான்.

கார்டியன் மனு விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை. வந்ததும் மறுபடி போக வேண்டும்.