பணம் திரும்ப வேண்டுமா, கம்பெனிக்கு அபராதம் விழ வேண்டுமா? 1915, நுகர்வோர் ஆணையம், ஓம்பட்ஸ்மேன்: ஓர் ஒப்பீடு

புது ஃபிரிட்ஜ், மூன்றாவது மாதமே கூலிங் போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் ‘பார்ட் வரல சார்’. கடைக்காரரிடம் போனால் ‘எங்க கையில ஒண்ணுமில்ல, கம்பெனிக்குப் போன் பண்ணுங்க’. இந்தக் கட்டத்தில் நம்மில் பலர் ‘கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்’ என்று சத்தம் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து வேறு மெக்கானிக்கைத் தேடுகிறோம்.

முறையிட அரசு அமைத்த இடங்கள் நாலைந்து இருக்கின்றன. சில நம் பணத்தை நமக்கு வாங்கித் தரும். சில, கம்பெனிக்கு அபராதம் போட்டு அரசு கஜானாவில் சேர்க்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் மனுவைத் தப்பான இடத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். எதை முதலில், எதை அடுத்து என்ற வரிசையும் முக்கியம். வரிசை மாறினால் இலவசமாகக் கிடைக்க வேண்டிய ஒரு வழி அடைபட்டுப் போகும்.

1915: சிபாரிசு மட்டும்தான்

தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915. தமிழிலும் பேசலாம். புகாரைச் சொன்னால் ஒரு டாக்கெட் எண் தருவார்கள், அது கம்பெனியின் குறைதீர் பிரிவுக்குப் போகும். கட்டணம் கிடையாது.

இதன் பலமும் பலவீனமும் ஒன்றேதான். பெரிய ஆன்லைன் கடைகள், ஃபிரிட்ஜ்-வாஷிங்மெஷின் கம்பெனிகள், விமான நிறுவனங்கள், டெலிகாம் கம்பெனிகள் போன்றவை இந்த மையத்தோடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மீதான புகார், கஸ்டமர் கேர் சாட்பாட்டைத் தாண்டி முடிவெடுக்கும் ஓர் ஆளின் மேசைக்குப் போய்விடும். ரீஃபண்ட் வராத ஆர்டர், கேன்சல் ஆன டிக்கெட், இழுத்தடிக்கும் வாரண்டி ரிப்பேர் ஆகியவற்றுக்கு முதலில் முயன்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். உங்கள் தெருமுனை ஃபர்னிச்சர் கடை அந்தப் பட்டியலில் இருக்காது. அங்கே வாங்கிய கட்டில் உடைந்தால் 1915-ல் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

உத்தரவு போடும் அதிகாரம் இந்த மையத்துக்கு இல்லை. கம்பெனி ‘முடியாது’ என்று பதில் அனுப்பினால் அத்தோடு முடிந்தது. ஏதோ ஒரு பதில் வந்ததுமே புகார் மூடப்பட்டதாக மெசேஜ் வருவதும் உண்டு, ஃபிரிட்ஜ் அப்படியே கிடக்கும். ஆனாலும் அந்த டாக்கெட் எண்ணை எழுதி வையுங்கள். பின்னால் வழக்குப் போட்டால், ‘எங்களிடம் யாரும் புகாரே சொல்லவில்லை’ என்று கம்பெனி சொல்ல முடியாது.

இதோடு ஒரு எச்சரிக்கை: கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி முதலில் வருவதற்குப் போன் போடாதீர்கள். அங்கே மோசடிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நுகர்வோர் ஆணையம்: பல் உண்டு, பொறுமை வேண்டும்

1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நாம் கன்ஸ்யூமர் கோர்ட் என்று சொல்வது இப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்டம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் டெல்லியிலுள்ள தேசிய ஆணையம். கணக்கு, கொடுத்த விலைக்குத்தான், கேட்கும் இழப்பீட்டுக்கு அல்ல. 5 லட்சம் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ மனுக் கட்டணமே இல்லை.

சாமானியனுக்கு இந்தச் சட்டம் செய்த பெரிய உபகாரம் வேறு. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயோ வேலை பார்க்கும் ஊரிலேயோ வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும் அவர்களுடைய வக்கீல்தான் திருநெல்வேலிக்கு வர வேண்டும். மனுவை இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். நீங்களே ஆஜராகலாம், வக்கீல் கட்டாயமில்லை. கடையை நடத்துவதற்காக வாங்கிய சரக்கு போன்ற வியாபார நோக்கத்துக்கு மட்டும் இங்கே இடமில்லை. தன் பிழைப்புக்காகத் தையல் மெஷின் வாங்கிய தையல்காரருக்கு இடமுண்டு.

இந்த ஆணையங்கள் என்ன செய்யும் என்பதற்கு விழுப்புரம் வழக்கு ஒன்றே போதும். 2022 நவம்பரில் ஒருவர், உறவினர் நினைவு நாளுக்கு முதியோர் இல்லத்தில் கொடுப்பதற்காக 25 சாப்பாடு பார்சல் வாங்கினார். ஒன்று 80 ரூபாய், மொத்தம் 2,000 ரூபாய். பிரித்துப் பார்த்தால் ஒரு பார்சலிலும் ஊறுகாய் இல்லை. ஓட்டலில் கேட்டு நியாயம் கிடைக்காமல் ஆணையத்துக்குப் போனார். 2024 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஊறுகாய்க்கு 25 ரூபாய், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்குமாக 35,000 ரூபாய். செய்தி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதில் வேடிக்கையாக எதுவும் தெரியவில்லை. விலைப்பட்டியலில் சொன்னதைக் கொடுக்காமல் காசு வாங்கினால் அது சேவைக் குறைபாடு. தொகை 25 ரூபாயா 25 லட்சமா என்பது அப்புறம்.

திருவள்ளூர் பிஸ்கெட் வழக்கும் அதே ரகம்தான். ஐ.டி.சி. நிறுவனத்தின் மேரி பிஸ்கெட் உறையில் 16 என்று போட்டிருக்க, உள்ளே இருந்தது 15. ‘நாங்கள் எண்ணிக்கையில் விற்கவில்லை, எடையில் விற்கிறோம்’ என்றது கம்பெனி. சரி, எடை போடுவோம் என்று போட்டுப் பார்த்தால், 76 கிராம் இருக்க வேண்டியது 74 கிராம்தான் இருந்தது. 2023-ல் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு.

இரண்டு வழக்கிலும் தேதிகளைக் கவனியுங்கள். பிஸ்கெட் வாங்கியது 2021 டிசம்பர். ஆக இரண்டுக்கும் வாங்கியதிலிருந்து தீர்ப்பு வரை ஒன்றரை ஆண்டுக்கு மேல். மூன்று மாதத்தில், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதை நம்பிக் காலண்டரில் குறித்து வைக்காதீர்கள். வாய்தா, உறுப்பினர் பணியிடம் காலி, மறுபடி வாய்தா. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கெடு கறாரானது. எதிர்தரப்பு 30 நாளில், மிஞ்சிப்போனால் இன்னொரு 15 நாளில் பதில் மனு போட்டாக வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-ல் சொல்லிவிட்டது.

ஜெயித்தாலும் பணம் தானாக வராது. தோற்ற கம்பெனி மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் கொடுக்காமல் கம்மென்று இருந்தால் நீங்கள் நிறைவேற்று மனு போட வேண்டும். உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று 72-ஆம் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவைச் சொல்லி நோட்டீஸ் போனதும் செக் எழுதிய கம்பெனிகள் உண்டு.

ஓம்பட்ஸ்மேன்: பலர் மறந்துவிடும் நல்ல வழி

வங்கி, இன்சூரன்ஸ் சம்பந்தப்பட்ட தகராறு என்றால் என் ஓட்டு ஆணையத்துக்கு அல்ல, அந்தத் துறைப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான ஓம்பட்ஸ்மேனுக்கு. காரணம் எளிது. கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை, தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காவிட்டால் ஏற்காமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் முதலிலேயே ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஓம்பட்ஸ்மேன் உங்கள் மனுவைத் தொடவே மாட்டார். வரிசை முக்கியம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஓம்பட்ஸ்மேன் திட்டம் 2021 நவம்பரில் வந்தது. அந்த 2021 திட்டம் நஷ்டத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரையும், மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் தனியாக ஒரு லட்சம் வரையும் இழப்பீடு தரச் சொல்ல இடமளித்தது. முக்கிய நிபந்தனை: முதலில் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாள் பொறுத்திருக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேரே ரிசர்வ் வங்கிக்கு எழுதுபவர்களின் மனு முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும். கிளை மேலாளரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. ஈமெயில் அனுப்புங்கள், அல்லது கடிதம் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள்.

கணக்கிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் இன்னும் அவசரம். முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள், கூடவே வங்கிக்கும் சொல்லுங்கள். தவறு உங்கள் மீதோ வங்கி மீதோ இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்திருந்தால், உங்களுக்கு ஒரு ரூபாய்கூடப் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கிதான். கவுண்டரில் இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். ஓ.டி.பி.யை நீங்களே சொல்லிக் கொடுத்திருந்தால் கதை வேறு. புகார் கொடுக்கும் வரை போன பணம் உங்கள் தலையில்.

இன்சூரன்ஸுக்குத் தனி ஓம்பட்ஸ்மேன், தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம். 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிடலாம். கிளெய்ம் நிராகரிக்கப்பட்ட ஓராண்டுக்குள் போக வேண்டும். ‘முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள்’ என்பது மருத்துவக் காப்பீட்டு நிராகரிப்புக் கடிதங்களில் அடிக்கடி வரும் பல்லவி. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பாலிசி என்றால், மோசடியை நிரூபித்தால் ஒழிய, அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது என்று 2024-ல் விதி மாறியிருக்கிறது. கடிதத்தையும் பாலிசி தொடங்கிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அபராதம் போடுகிறவர்கள்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும், சி.சி.ஐ. எனப்படும் போட்டி ஆணையமும் செய்தியில் அடிக்கடி வரும். தனி மனிதனின் ஃபிரிட்ஜுக்கு இவை பதில் சொல்லாது.

சிமெண்ட் வழக்கையே எடுத்துக்கொள்வோம். கட்டுமானத் தொழில் சங்கம் கொடுத்த புகாரின் பேரில், கூட்டுச் சேர்ந்து விலையையும் உற்பத்தியையும் கட்டுப்படுத்தியதாகச் சொல்லி 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு 2012 ஜூனில் சி.சி.ஐ. 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நம் ஊர் இந்தியா சிமெண்ட்ஸும், இன்று ராம்கோ என்றிருக்கும் மெட்ராஸ் சிமெண்ட்ஸும் அந்தப் பட்டியலில் உண்டு. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன. 2015-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழக்கைச் சி.சி.ஐ.க்கே திருப்பி அனுப்பியது, 2016-ல் மறுபடி அபராதம், 2018-ல் மேல்முறையீட்டிலும் உறுதி, பிறகு உச்ச நீதிமன்றம். இப்படி ஒரு வழக்கில் அபராதம் முழுதாக வசூலானாலும் அது போவது அரசுக் கருவூலத்துக்கு. அந்த ஆண்டுகளில் மூட்டை மூட்டையாய் வாங்கி வீடு கட்டியவர் நஷ்ட ஈடு கேட்க வேண்டுமானால் போட்டிச் சட்டத்தின் 53-என் பிரிவின் கீழ் தனியாக மனுப் போட வேண்டும். எத்தனை மேஸ்திரிக்கு அது தெரியும்?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ‘5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லாவிட்டால் 50 ரூபாய்’ என்று விளம்பரம் செய்த ராபிடோவுக்கு 2025 ஆகஸ்டில் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அந்த 50 ரூபாய் உண்மையில் ‘50 ரூபாய் வரை’, அதுவும் பணமாக அல்ல, ஏழு நாளில் காலாவதியாகும் காயினாக! வாக்களித்ததைப் பெறாத வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் தரவும் உத்தரவிட்டது. அந்த நடவடிக்கைக்கு ஆதாரமாக இருந்தவற்றில் 1915-ல் குவிந்த புகார்களும் உண்டு. உங்கள் 200 ரூபாய் புகார் உங்களுக்கு ஒன்றும் வாங்கித் தராமல் போனாலும், அந்தக் குவியலில் ஒன்றாகச் சேர்கிறது. ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது என்ற இவர்களின் 2022 வழிகாட்டுதலையும் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சரி என்றது.

20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை 30-க்கு விற்பது, தராசில் கை வைப்பது போன்ற எம்.ஆர்.பி., எடை விவகாரங்களுக்குத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைதான் இடம். ஆய்வாளர் வந்து கடைக்கு அபராதம் போடுவார். உங்கள் 10 ரூபாய் வராது. அதை எதிர்பார்த்துப் புகார் கொடுப்பவர் யார்?

எதை முதலில்?

ஃபிரிட்ஜ், போன், டிக்கெட், ஆன்லைன் ஆர்டர் என்றால் கம்பெனிக்கு ஈமெயில், பிறகு 1915, பிறகு ஆணையம். வங்கியும் இன்சூரன்ஸும் என்றால் 1915-ல் நேரத்தைக் கழிக்காமல் எழுத்துப் புகார், ஒரு மாதம், ஓம்பட்ஸ்மேன். ஆஸ்பத்திரி அலட்சியம் என்றால் நேரே ஆணையம்தான். மருத்துவச் சேவையும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவான விஷயம். ஆனால் இதற்கு மட்டும் ஒரு வக்கீலையும், கேஸ் ஷீட்டைப் படித்துச் சொல்லக்கூடிய ஒரு டாக்டரையும் தேடிக்கொள்வது நல்லது. அடுக்குமாடி வீடு தாமதம் என்றால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், நுகர்வோர் ஆணையம் இரண்டும் திறந்திருக்கின்றன. விலை 50 லட்சத்தைத் தாண்டினால் மாவட்ட ஆணையம் கிடையாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்தில் மனு போட வேண்டும். 1915-ல் காத்திருந்த மாதங்களும், ‘அடுத்த வாரம் பார்ட் வந்துடும்’ என்ற வாக்குறுதிகளும் அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போடலாம், ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் விருப்பம்.

வழக்குக்கு முன் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வெள்ளைத்தாளில் நீங்களே எழுதினால் போதும்: வாங்கிய தேதி, பில் எண், என்ன குறை, எப்போதெல்லாம் புகார் கொடுத்தீர்கள், என்ன வேண்டும். பில் நகலை இணைத்து, டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் கடைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால் 16-ஆம் நாள் இ-ஜாக்ரிதியில் மனுவை ஏற்றிவிடுங்கள்.