பிளேஃபேர் டிஸ்ப்ளே இட்டாலிக்: பெரிய அளவில் மட்டும் அழகு

டென்மார்க் வடிவமைப்பாளர் கிளவுஸ் எகர்ஸ் சோரன்சென் உருவாக்கி 2011இல் வெளிவந்த பிளேஃபேர் டிஸ்ப்ளே எழுத்துருவின் சாய்வு வடிவத்தைத் தலைப்புகளுக்குத் தொடர்ந்து பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். 18ஆம் நூற்றாண்டில் அகல முனை இறகுப் பேனா விலகி, கூர்முனைப் பேனா வந்தது. தாளும் மையும் மேம்பட்டதால், தடித்த கோட்டுக்குப் பக்கத்திலேயே மயிரிழை போன்ற கோட்டையும் அச்சில் கொண்டுவர முடிந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த அச்சாளர் ஜான் பாஸ்கர்வில் வடிவமைத்த எழுத்துகளில் தெரியும் அந்த மாற்றமே இந்த எழுத்துருவுக்கும் ஊற்றுக்கண்.

நேர் வடிவத்தைவிடச் சாய்வு வடிவமே எனக்குப் பிடித்தது. நேர் எழுத்தை வெறுமனே சாய்த்து உருவாக்கியதன்று இது. ஆங்கிலச் சிற்றெழுத்து 'a' இரண்டடுக்கை விட்டுக் கையெழுத்து வடிவத்துக்கு மாறுகிறது. கோடுகளின் நுனியில் திரளும் மைத்துளி போன்ற உருண்டைகள், விரைந்து எழுதிய கை சற்றே நின்று மீண்ட உணர்வைத் தருகின்றன. சிற்றெழுத்துகளின் உடல் உயரம் அதிகமாகவும், கீழிறங்கும் கால்கள் குட்டையாகவும் இருப்பதால், இரண்டு மூன்று வரித் தலைப்பை நெருக்கி அடுக்கினாலும் வரிகள் மோதிக்கொள்வதில்லை. நாற்பது புள்ளிக்கு மேல் இதன் கம்பீரத்துக்கு ஈடாக இலவச எழுத்துருக்களில் வெகு சிலவே உண்டு.

அந்த மயிரிழைதான் இதன் பலவீனமும். கட்டுரைப் பத்திகளின் எழுத்தளவுக்குச் சுருக்கினால் மெல்லிய கோடுகள் திரையில் மங்கிப்போகின்றன. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அச்சிட்டால் மை பரவி அவற்றை விழுங்கிவிடும் அபாயமும் உண்டு. எண்கள் இன்னொரு சிக்கல். இயல்பு நிலையில் பழைய பாணி எண்களே வருவதால் 1947 என்று எழுதும்போது 1 குட்டையாக நிற்க, மற்றவை வரிக்குக் கீழே கால் நீட்டுகின்றன. கட்டுரைத் தலைப்பில் அது அழகு, விலைப்பட்டியலில் தொல்லை. சம உயர எண்களும் எழுத்துருவுக்குள்ளேயே இருக்கின்றன, ஆனால் மென்பொருளின் ஓபன்டைப் அமைப்புகளில் (எழுத்துருவின் கூடுதல் வசதிகளை இயக்கும் இடம்) தேடி இயக்க வேண்டும்.

தமிழ் எழுத்துகள் இதில் இல்லை. இருமொழி அட்டைகளில் தமிழுக்கு 'நோட்டோ செரிஃப் தமிழ்' எழுத்துருவை நேராகவே நிறுத்தி, ஆங்கிலத்தை மட்டும் சாய்வில் விடுவது என் வழக்கம். மென்பொருளின் சாய்வுப் பொத்தானை அழுத்தித் தமிழையும் சாய்ப்பவர்கள், 'ழ'வின் சுழி படும் பாட்டை ஒருமுறை பெரிதாக்கிப் பார்க்கலாம்.

கூகுள் ஃபாண்ட்ஸில் திறந்த உரிமத்துடன் கிடைப்பதால் வணிகப் பணிகளுக்கும் கட்டணமில்லை. சிறிய அளவிலும் இதே முகம் வேண்டுமென்றால், அளவுக்கேற்பக் கோட்டின் தடிமனை மாற்றிக்கொள்ளும் வசதியுடன் பின்னர் வந்த 'பிளேஃபேர்' எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் சாய்வு வடிவம் உண்டு.