20 கிலோ தக்கைப்பூண்டு விதை: வாங்கலாமா?

தஞ்சாவூர் பக்கம், ஆற்றுப் பாசன நிலம். குறுவை நெல்லுக்கு முன்னால், கோடை மழை ஈரத்தில் ஒரு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை வாங்கித் தெளித்தேன். வளர்த்து அப்படியே மண்ணில் மடக்கி உழுகிற பசுந்தாள் உரச் செடி இது. கடை பெயர் வேண்டாம், விதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் மடித்து வைத்துப் பார்த்ததில் 80க்கு மேல் முளைத்தது. நல்ல விதைதான். ஆனால் களை விதை கலந்திருந்தது, வாங்குகிற விலைக்குச் சலித்தாவது கொடுத்திருக்கலாம், அதற்காக 5க்கு 4.

ஒரு மாதத்தில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்தெடுத்து (வெறுமனே பிடுங்கினால் வேர் முடிச்சு உதிர்ந்துவிடும்) முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பு! அந்த நிறம் இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். யூரியா மூட்டைக்குக் கடையில் நின்ற எனக்கு அதைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

இதற்கு முன் பல வருடம் நெல் அறுத்த தாளை எரித்துவிட்டு, ரோட்டவேட்டரை மூன்று நான்கு முறை ஓட்டி மண்ணை மாவாக்கி வைத்திருந்தோம். மண் துகள்களைப் பிணைத்து வைப்பதில் பூஞ்சை இழைகளுக்கும் நுண்ணுயிர்கள் விடும் பசைக்கும் பெரிய பங்கு உண்டு, அவற்றை எரித்தும் அரைத்தும் தீர்த்துவிட்டு ஒரு மழைக்கே மேல்மண் ஓடு கட்டிப்போகிறதே என்று மண்ணைக் குறை சொன்னோம். இந்த முறை செடி நிழலில் 45 நாள் கிடந்த மண்ணை மண்வெட்டியால் புரட்டினால் மண்புழு நெளிகிறது, மடக்கி உழும்போது டிராக்டருக்குப் பின்னால் கொக்குக் கூட்டம். எங்கள் வயலில் அவ்வளவு கொக்கு பார்த்து எத்தனையோ வருடமாயிற்று.

வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பூ எடுக்கத் தொடங்கியதும் மடக்கி உழுதுவிட வேண்டும், விட்டால் தண்டு நார் ஏறி மட்க நாளாகும். உழுத மறுநாளே நடவு வேண்டாம், தண்ணீர் கட்டி ஒரு வாரம் பத்து நாள் அழுக விடுங்கள், அப்புறம் நடுங்கள். குறுவைக்கு ஒரு தடவை யூரியாவைக் குறைத்தேன், பயிர் வெளுக்கவில்லை. அடுத்த கோடைக்கு மீதி ஏக்கருக்கும் சேர்த்து 40 கிலோ, களை விதையைச் சலித்துத் தருகிற கடையாகப் பார்த்து வாங்கப் போகிறேன்.