கென்னிங்டனுக்கு அப்பால்: லண்டன் நார்தர்ன் லைனின் பேட்டர்சி நீட்டிப்பு

லண்டன் சுரங்க ரயிலின் நார்தர்ன் லைனை கென்னிங்டன் நிலையத்திலிருந்து பேட்டர்சி வரை நீட்டியிருக்கிறார்கள். இந்தப் பாதையைப் பற்றி எழுதுகிறவர்கள் பேட்டர்சியின் பழைய மின் நிலையத்தின் நான்கு புகைபோக்கிகளையும், உள்ளே வந்திருக்கும் கடைகளையும் படம் எடுத்துப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். மண் பரிசோதனையைப் பிழைப்பாகக் கொண்ட எனக்கு அது போதவில்லை. இங்கே நடந்திருக்கும் மிகச் சிறந்த வேலை பயணிகளின் கண்ணில் படுவதே இல்லை. அது இருப்பது கென்னிங்டனைத் தாண்டியதும் வரும் இருட்டில்.

மத்திய லண்டனின் சாரிங் கிராஸ் வழியாகத் தெற்கே வரும் ரயில்கள் திரும்பி வடக்கே போவதற்காக, கென்னிங்டனில் 1926 முதல் ஒரு வளையப் பாதை இருக்கிறது. புதிய சுரங்கங்கள் அந்த வளையத்திலிருந்துதான் பிரிகின்றன. தினமும் ரயில் ஓடும் ஒரு பழைய சுரங்கத்தின் பக்கவாட்டில் புதிதாக ஒரு வாய் திறப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். மேலே வீடுகள், பூங்கா, போக்குவரத்து. பழைய குழாயை உள்ளே அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றி வெளிப்புறத்தில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்கள். வெட்டிய பரப்பில் உடனுக்குடன் கான்கிரீட்டைப் பீய்ச்சியடித்து, பெரிய கூடு ஒன்றை எழுப்பினார்கள். அந்தக் கூடு சுமையைத் தாங்கத் தயாரான பிறகே பழைய குழாயின் சுவர் வளையங்கள் கழற்றப்பட்டன. களிமண் வெட்டியதும் சரிந்துவிடாது. சற்று நேரம் நின்று கொடுக்கும். அந்தச் சற்று நேரத்தை நம்பித்தான் மொத்த வேலையும். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைப் படிக்கும்போதே உள்ளங்கை வியர்க்கும்.

கென்னிங்டனை விட்டதும் வளைவில் சக்கரங்கள் கிறீச்சிடுவது நன்றாகக் கேட்கும். பிறகு புதிய சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஓசை மாறி, ரயில் சீராக ஓடும். நூற்றாண்டுப் பழமையும் புதுமையும் ஒட்டும் இடம் அதுதான். காது கொடுத்துக் கேளுங்கள்.

மீதித் தோண்டல் 2017-இல் இரண்டு இயந்திரங்களைக் கொண்டு நடந்தது. விமானி ஏமி ஜான்சன், விண்வெளி வீராங்கனை ஹெலன் ஷர்மன் ஆகியோரின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். எனக்கு இதில் பிடித்தது, தோண்டிய மண் தேம்ஸ் நதியில் படகுகளில் ஏற்றி எசெக்ஸுக்கு அனுப்பப்பட்டதுதான். நெரிசலான நகரத்தில் சுரங்க வேலையை மக்கள் வெறுப்பதற்குப் பாதிக் காரணம் மண் லாரிகள். பக்கத்தில் நதி இருந்தது, பயன்படுத்திக்கொண்டார்கள். நதியோ கடலோ அருகில் இருக்கும் எந்த நகரமும் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

2021 செப்டம்பர் 20 அன்று திறக்கப்பட்ட இரண்டு நிலையங்களில் நைன் எல்ம்ஸ் வேலையை மட்டும் பார்க்கும் நிலையம். அதில் தவறொன்றும் இல்லை. பேட்டர்சி நிலையத்தில் சற்று நில்லுங்கள். நுழைவுக்கூடத்தின் நீளத்துக்கு அலெக்ஸாண்ட்ரே டா குன்யா என்ற கலைஞரின் படைப்பு மேலே ஓடுகிறது. பழைய விளம்பரப் பலகைகளில் பட்டைகள் சுழன்று படம் மாறுமே, அதே பொறிமுறை. சூரிய உதயமும் அஸ்தமனமும் பட்டை பட்டையாக மெல்லத் திரும்புகின்றன. அவசரமாக எஸ்கலேட்டருக்குப் போகிறவர்களும் தலை நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டேன்.

இரண்டு புதிய நிலையங்களிலும் தெருவிலிருந்து ரயில் பெட்டி வரை படியே ஏறாமல் வரலாம். கென்னிங்டனில் அந்த வசதி கிடையாது. சக்கர நாற்காலியில் வருபவர்கள் எங்கே இறங்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. பேட்டர்சியிலிருந்து கிளம்பும் ரயில்கள் எல்லாம் சாரிங் கிராஸ் வழியாகவே போகும். இதே லைனின் இன்னொரு கிளையில் இருக்கும் பேங்க் நிலையத்துப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் கென்னிங்டனில் மாற வேண்டும். அந்தக் கூட்டத்தை எதிர்பார்த்து, அங்கே பிளாட்பாரங்களுக்கு நடுவே கூடுதல் குறுக்கு வழிகள் திறந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட சின்ன வேலைகளைச் செய்தவர்களைத்தான் நான் மனதாரப் பாராட்டுவேன்.

செலவு சுமார் 110 கோடி பவுண்டு. கடனாக வாங்கி, இப்பகுதியில் கட்டடம் எழுப்புகிறவர்களின் பங்களிப்பிலிருந்தும் இங்கே வணிகக் கட்டடங்கள் மீது கூடுதலாகக் கிடைக்கும் வரியிலிருந்தும் அடைக்கும் ஏற்பாடு. ரயிலால் நிலத்தின் மதிப்பு உயர்ந்து லாபம் காண்பவர்களே ரயிலுக்குப் பணம் தருவது நியாயம் என்று முழுமனதோடு சொல்வேன். ஆனால் இந்த வழிக்கு ஒரு கெடுதல் உண்டு: விலையுயர்ந்த அடுக்குமாடிகள் எழும் இடத்துக்குத்தான் சுரங்கம் போகும். கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் கேம்பர்வெல்லுக்கு, இன்னொரு சுரங்க ரயில் பாதையான பேக்கர்லூ லைனை நீட்ட 1931-லேயே அனுமதி கிடைத்தது. அந்தச் சுரங்கம் இன்றுவரை வரவில்லை. அங்கே குடியிருப்பவர்களில் பலர் இன்றும் பஸ்ஸில்தான் போகிறார்கள்.