1921 ஃபோர்டு டிடி லாரியின் மரப் பாடி அசல்தானா? ஒரு பரிசோதனைச் சேவையைப் பற்றிய மதிப்புரை

பழைய வாகனம் வாங்குவோருக்காக, வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து ஆராய்ந்து எழுத்து மூலம் அறிக்கை தரும் ஒருவரின் சேவையை மிச்சிகன் மாநிலத்தில் சென்ற ஆண்டு பயன்படுத்தினேன். நான் வாங்க எண்ணியிருந்தது 1921-ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் டிடி லாரி. அதன் பின்புற மரப் பாடி ஃபோர்டு தொழிற்சாலையிலேயே கட்டப்பட்டது என்று விற்பவர் உறுதியாகச் சொன்னார்; அந்த உறுதிக்கும் சேர்த்தே விலையும் வைத்திருந்தார். பரிசோதனைக் கட்டணம் 450 டாலர், பயணச் செலவு தனி.

பாதி விடை தொலைபேசியிலேயே கிடைத்துவிட்டது. வண்டி எந்த ஆண்டு என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. டிடி லாரி 1917-இல் வந்தது. தொடக்க ஆண்டுகளில் ஃபோர்டு இந்த லாரியை வெறும் சேஸியாகவே, அதாவது பின்புறப் பாடி இல்லாத அடிச்சட்டமாகவே விற்றது. 1924 வாக்கில்தான் தானே பாடி கட்டிக் கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முன் வாங்கியவர்கள் தனிப் பாடி நிறுவனங்களிடமோ உள்ளூர்த் தச்சரிடமோ கட்டிக்கொண்டார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் சேஸியை நிறுத்திப் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஆகவே 1921-ஆம் ஆண்டு லாரிக்குத் 'தொழிற்சாலைப் பாடி' என்ற ஒன்று இருக்க வழியில்லை. இந்தச் சேஸி முதன்முதலாகச் சுமந்த பாடி இதுதானா, அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பவையே கேட்கத் தகுந்த கேள்விகள் என்று அவர் சொன்னபோது, நான் கேட்ட கேள்வியே பிழையானது என்று புரிந்தது.

நேரில் வந்தவர் முதலில் இன்ஜின் எண்ணைப் படித்தார். அது இன்ஜினின் இடப்பக்கத்தில், தண்ணீர் நுழையும் வாய்க்கு மேலே பொறிக்கப்பட்டிருக்கும். இந்த வண்டிகளில் இன்ஜினை மாற்றிப் போடுவது சாதாரணம் என்பதால், அந்த எண் இன்ஜினின் வயதை மட்டுமே சொல்லும் என்று எச்சரித்துவிட்டு, மற்றப் பாகங்களும் அந்த ஆண்டோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே மரத்துக்கு வந்தார்.

அடுத்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதியை அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடியே கழித்தார். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை யார் வேண்டுமானாலும் பழையதாக்கிவிடலாம், அடிப்பக்கத்தைப் பழையதாக்க எவரும் மெனக்கெடுவதில்லை என்பது அவர் கணக்கு. சேஸியின் மேல் நீளவாக்கில் கிடக்கும் இரண்டு ஓக் உத்திரங்களில் போல்ட்டைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. ஓக் மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்வதால் வரும் கறுப்பு அது. ஆனால் வினிகரில் தேய்ப்பதற்கான இரும்பு நாரை ஊறவைத்து அந்த நீரைத் தடவினாலும் இதே நிறம் வந்துவிடும். அதனால் உரிமையாளரின் அனுமதியோடு ஒரு போல்ட்டைக் கழற்றித் துளைக்குள் விளக்கடித்துக் காட்டினார்: கறை மேலோடு நிற்காமல் மர ரேகையோடு உள்ளே ஓடியிருந்தது. மேலும், உத்திரத்தின் துளைகள் அனைத்தும் சேஸியின் துளைகளோடு ஒத்துப்போயின. இரண்டிலும் அனாதையாக ஒரு துளைகூட இல்லை. எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த சான்று இதுதான்.

பக்கப் பலகைகளின் கதை வேறு. அவற்றைத் தாங்கும் நிமிர்சட்டங்களில் பழைய திருகாணித் துளைகள் அடைக்கப்பட்டிருந்தன. பலகைகளில் அவற்றுக்கு இணையான துளைகள் இல்லை. பின்கதவின் கீல்களில் இருந்தவையோ, கூட்டல் குறி போன்ற வெட்டுள்ள, நம் ஊரில் ஸ்டார் ஸ்க்ரூ எனப்படும் திருகாணிகள். அந்த வகை 1930-களின் நடுவில்தான் கார்த் தொழிலுக்குள் வந்தது. திருகாணியை மட்டும் பிறகு மாற்றியிருக்கலாமே என்று கேட்டேன். கீலுக்கு அடியில் பழைய வர்ணத்தின் சுவடே இல்லாமல் வெறும் மரமாக இருந்ததைக் காட்டி, பலகையும் கீலும் ஒரே நேரத்தில் வந்தவை என்று விளக்கினார். தளப் பலகைகள் புதிய பைன் மரம். அதற்கு நிபுணர் தேவையில்லை.

மர வளையங்களை எண்ணி ஆண்டைக் கண்டுபிடிக்க முடியாதா என்றும் கேட்டேன். இவ்வளவு குறுகிய பலகைகளில் ஒப்பிடப் போதுமான வளையங்கள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அது மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லுமேயன்றிப் பாடி கட்டிய ஆண்டைச் சொல்லாது என்று கூறி, அந்தக் கூடுதல் செலவை அவரே தடுத்தார். பழுதுபார்க்கும் வேலையை அவர் எடுத்துச் செய்வதில்லை என்பதும் இந்தச் சேவையின் பெரிய பலம். பலகையை மாற்றச் சொல்வதால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை.

குறைகளும் உண்டு. பத்து நாளில் வருவதாகச் சொன்ன அறிக்கை ஐந்து வாரம் கழித்தே வந்தது. அதற்குள் விற்பவர் பொறுமை இழந்துவிட்டார். படங்களில் அளவுகோல் வைக்கப்படவில்லை. நேரில் அவ்வளவு தெளிவாகக் காட்டிய போல்ட் துளைக்கு அறிக்கையில் ஒரே ஒரு மங்கலான படம்தான் இருந்தது. மீண்டும் அழைப்பதானால் அறிக்கைக்கு நாள் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். அவர் வண்டிக்கடியில் இருக்கும்போது நானும் ஒரு கேமராவோடு பக்கத்தில் படுத்துக்கொள்வேன்.

உத்திரங்கள் இரண்டும் முன்பலகையும் முதல் பாடியைச் சேர்ந்தவையாக இருக்கலாம், மற்றவை பிற்காலத்தவை என்பது அறிக்கையின் முடிவு. அதைக் காட்டியதும் விற்பவர் விலையில் 1,800 டாலர் குறைத்தார். லாரியை வாங்கிவிட்டேன், ஸ்டார் ஸ்க்ரூக்களை இன்னும் மாற்றவில்லை.